லாரி ஹோம்ஸை எங்கே வைப்பது?

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் பயிற்சிக் கூடத்தில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். ஜோ லூயிஸ், முகமது அலி இருவருக்கும் அடுத்து மூன்றாவதாக லாரி ஹோம்ஸை வைத்திருக்கிறீர்கள். மைக் டைசனுக்கு எட்டாவது இடம். எங்கள் ஒருவராலும் இதை ஏற்க முடியவில்லை. 1988-ல் இரண்டு பேரும் மோதினார்கள், டைசன் நாலாவது ரவுண்டிலேயே ஹோம்ஸைச் சாய்த்துவிட்டார். தோற்றவரை ஜெயித்தவருக்கு மேலே வைப்பது என்ன நியாயம்? ஹோம்ஸை இரண்டு முறை தோற்கடித்த மைக்கேல் ஸ்பிங்க்ஸையும் டைசன் 91 வினாடியில் முடித்தார். ஹோம்ஸ் காலத்தில் பெரிய எதிராளிகளே இல்லை என்றும் சொல்கிறார்கள். அவருடைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். இடது கையை நீட்டிக்கொண்டே இருக்கிறார், வேறு ஒன்றும் இல்லை. டைசன் என்றால் வாடிவாசலில் இருந்து சீறி வரும் காளை மாதிரி இருக்கிறது. பதில் எழுதுங்கள் அண்ணே.

அன்புடன்,
ஒரு வாசகத் தம்பி, திருமங்கலம்

*

அன்புள்ள தம்பி,

நாலு பேர் சேர்ந்து படித்துச் சண்டை போட்டீர்கள் என்பதே எனக்குச் சந்தோஷம். உங்கள் கேள்விகளில் கனமானது 1988. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1988 ஜனவரி 22, அட்லாண்டிக் சிட்டி. டைசனுக்கு அப்போது 21 வயது. ஹோம்ஸுக்கு 38. 1986 ஏப்ரலுக்குப் பிறகு அவர் ஆட்டத்துக்காக ரிங்கில் ஏறவே இல்லை, ஏறக்குறைய 21 மாத இடைவெளி. நாலாவது ரவுண்டில் மூன்று முறை விழுந்தார், ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஆடிய 75 ஆட்டங்களில் ஹோம்ஸ் அப்படித் தோற்றது அந்த ஒரு முறைதான்.

இப்போது அங்கிருந்து ஏழு வருஷம் சொச்சம் பின்னால் போங்கள். 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். அலிக்கு 38 வயது. அவரும் இரண்டு வருஷமாக ஆட்டத்தை விட்டு ஒதுங்கி இருந்து திரும்பி வந்தவர். எதிரே நின்றவர் சாம்பியன் ஹோம்ஸ், வயது 30. பத்து ரவுண்டு முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ போதும் என்று நிறுத்திவிட்டார். அலியின் வாழ்க்கையிலும் முடிவுக்கு முன்பே நிறுத்தப்பட்ட தோல்வி அந்த ஒன்றுதான்.

அதே 38 வயது, அதே நீண்ட இடைவெளி, அதே மாதிரி ஒரே ஒரு முறை. 1980-ஐக் காட்டி ஹோம்ஸ் அலியைவிடப் பெரியவர் என்று யாராவது சொன்னால் உங்கள் கூடத்தில் விடுவீர்களா? விட மாட்டீர்கள். நானும் விட மாட்டேன். ஹோம்ஸே விட்டிருக்க மாட்டார். தொடக்க காலத்தில் அலிக்குப் பயிற்சித் துணையாக நின்று அவரிடம் குத்து வாங்கித் தொழில் கற்றவர் அவர். அந்த ஆட்டத்தில் அலி திருப்பி அடிக்க முடியாமல் நின்றபோது நடுவர் நிறுத்த மாட்டாரா என்று பார்த்தார், ஜெயித்த பிறகு அழுதார். அலிக்கு வயதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிற நாம் ஹோம்ஸுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதைத்தான் நான் நியாயம் இல்லை என்கிறேன்.

ஸ்பிங்க்ஸ் கணக்கும் அப்படித்தான். அவன் இவனை அடித்தான், இவன் அவனை அடித்தான் என்று கோடு போட்டுக்கொண்டே போனால் குத்துச்சண்டையில் எங்கும் போய்ச் சேர முடியாது. 1971-ல் ஜோ ஃபிரேசியர் அலியை ஜெயித்தார். 1973-ல் ஜார்ஜ் ஃபோர்மன் ஃபிரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை கீழே தள்ளினார். 1974-ல் கின்ஷாசாவில் அலி ஃபோர்மனை வீழ்த்தினார். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு யார் பெரியவர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, எதிராளிகள். இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. ஹோம்ஸ் பட்டத்தை வைத்திருந்த ஏழு வருஷத்தில் சுமாரான ஆட்கள் சிலரோடும் மோதினார். ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் தனித்தனியாக உலகப் பட்டம் கொடுத்த காலம் அது. உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் பட்டம் வேறு ஆட்களிடம் இருந்தது, அதையும் ஹோம்ஸின் பட்டத்தையும் ஒரே கையில் சேர்க்கும் ஆட்டம் நடக்கவே இல்லை. 1983-ல் டிம் விதர்ஸ்பூனை நூலிழையில் ஜெயித்துவிட்டு மறு ஆட்டம் கொடுக்காமல் போனது எனக்கு இன்று வரை உறுத்தல்தான். மறுபாதியையும் பாருங்கள். மைக் வீவரை 1979-ல் ஜெயித்தார், அடுத்த வருஷம் வீவர் உலகச் சாம்பியன். ட்ரெவர் பெர்பிக்கை 1981-ல் ஜெயித்தார், 1986-ல் பெர்பிக் சாம்பியன். விதர்ஸ்பூன் 1984-ல் சாம்பியன். ஜேம்ஸ் ஸ்மித்தை 1984-ல் ஜெயித்தார், அவர் 1986-ல் சாம்பியன். ஒவ்வொருவரும் ஹோம்ஸிடம் தோற்றுவிட்டுப் போய் வேறு இடத்தில் பட்டம் வாங்கினார்கள். அலியின் பெயர் நிறைந்திருந்த வீட்டுக்குள் அடுத்து நுழைந்தவர் என்பதால் இந்த ஆட்களின் எடை யார் கண்ணுக்கும் படவில்லை. உங்கள் டைசன் இளம் சாம்பியன் ஆனதும் இதே பெர்பிக்கை 1986 நவம்பரில் வீழ்த்தித்தான். அடுத்து அவர் பட்டத்துக்காக மோதியதும் இதே ஸ்மித்தோடுதான்.

இனி, இடது கையை நீட்டிக்கொண்டே இருக்கிறார் என்றீர்களே, அதற்கு வருகிறேன். எனக்கு ஹோம்ஸ் பிடித்துப்போனதே அந்தக் கையால்தான்.

செல்லூரில் எங்கள் வீடு. அப்பா குழித்தறியில் நெய்தவர். 1990-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா விடுமுறைக்கு வந்தபோது குத்துச்சண்டை கேசட் ஒன்று கொண்டுவந்தார். டெக் வாடகைக்கு எடுத்து, தெருப் பையன்கள் எல்லாம் முற்றத்தில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பார்த்தோம். அதில் டைசன் ஆட்டங்கள் இருந்தன, எல்லோரும் கத்தினோம். அப்புறம் 1978 ஜூன் 9 ஆட்டம் வந்தது. ஹோம்ஸும் கென் நார்ட்டனும். அது ஓட ஆரம்பித்ததும் பாதிப் பேர் தூங்கப் போய்விட்டார்கள். தறியை விட்டு எழுந்து தண்ணீர் குடிக்க வந்த அப்பா மட்டும் வாசல்படியில் செம்போடு அப்படியே நின்றுவிட்டார். அவருக்குக் குத்துச்சண்டை தெரியாது, யார் ஹோம்ஸ், யார் நார்ட்டன் என்றும் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அந்த ஒசரமானவன் கையைப் பாரு, நாடா மாதிரி போயிட்டு வருது” என்றார்.

தறி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பாவுக்குக் குறுக்கே ஊடு நூலைக் கொண்டுபோவது நாடா. இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போகும், போன தடத்திலேயே திரும்பி வரும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று யாரும் எண்ணுவதில்லை. ஒரு தடவை தடம் மாறினாலும் பாவு இழை அறுந்துவிடும். வீச்சு கொஞ்சம் தளர்ந்தால் பாதியில் நின்றுவிடும். போகிற வேகத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், திரும்பி வருவதில்தான் நெய்கிறவனின் கை தெரியும் என்பார் அப்பா.

அந்த இடது கையை நேராக நீட்டிக் குத்தும் குத்துக்குப் பெயர் ஜாப். அடுத்த முறை ஹோம்ஸின் ஜாப்பைப் பார்க்கும்போது அது போய்ப் படும் இடத்தைப் பார்க்காதீர்கள். திரும்பும் பாதையைப் பாருங்கள். பெரும்பாலானோர் குத்திவிட்டுக் கையைத் தாழ்த்தித்தான் இழுப்பார்கள். தாடை திறந்துவிடும், எதிராளியின் வலது கை அந்த வழியாக உள்ளே வரும். ஹோம்ஸின் கை போன தடத்திலேயே வீடு திரும்பும், திரும்பிய உடனே அடுத்தது கிளம்பும். எதிராளி கண்ணைத் திறந்து திட்டம் போடவே நேரம் இருக்காது. ஹெவிவெயிட்டில் இதைவிட நல்ல ஜாப் யாரிடமும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அலிக்கு முன் சாம்பியனாக இருந்த சானி லிஸ்டனுடையது கனமாக இருந்திருக்கலாம், அலியுடையது பார்க்க அழகாக இருந்திருக்கலாம். ஏழு வருஷம் சாம்பியன் பட்டத்தைத் தாங்கிப் பிடித்த ஜாப் இதுதான்.

அந்த நார்ட்டன் ஆட்டத்துக்கு முன்பே ஹோம்ஸின் இடது கைத் தசையில் அடிபட்டிருந்தது. நாடா ஓடும் அதே கை. முதல் பாதியில் ஹோம்ஸ் ஆடினார், இரண்டாம் பாதியில் நார்ட்டன் நெருக்கிக்கொண்டே வந்தார். 15-வது ரவுண்டு தொடங்கும்போது இரண்டு பேருக்கும் சமமான புள்ளி. அந்தக் கடைசி மூன்று நிமிஷத்தில் இரண்டு பேரும் பின்வாங்கவே இல்லை. மணி அடித்தபோது மூன்று நடுவர்களின் அட்டையிலும் 143-க்கு 142. இரண்டு பேர் ஹோம்ஸுக்கு, ஒருவர் நார்ட்டனுக்கு. அந்த ஒரு ரவுண்டில் இருந்துதான் அவருடைய ஏழு வருஷம் தொடங்குகிறது. இப்போது பட்டப் போட்டிகள் 12 ரவுண்டோடு முடிந்துவிடுகின்றன. அந்தக் கடைசி மூன்று ரவுண்டில் ஒரு ஆளின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அதை இழந்துவிட்டோம் என்றும் தோன்றுகிறது, உயிர்கள் தப்பியிருக்கும் என்றும் தோன்றுகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நீங்கள் வாடிவாசல் காளை என்றீர்கள். நல்ல உவமை. ஆனால் தம்பி, அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் எந்த மாட்டைப் பற்றி வருஷக்கணக்கில் பேசுகிறார்கள்? பாய்ந்து வந்து நேரே எல்லையைத் தாண்டி ஓடிவிடும் மாடும் பிடிபடாத மாடுதான், அதற்கும் பரிசு உண்டு. ஊர் பேசுவது நின்று விளையாடுகிற மாட்டைப் பற்றி. திமிலில் கை விழுந்த பிறகும் உதறி, திரும்பி, நடுக் களத்தில் நிற்கிற மாடு.

1979 செப்டம்பர் 28. எர்னி ஷேவர்ஸ், அந்தக் காலத்தின் மிகக் கொடூரமான வலது கை. ஏழாவது ரவுண்டில் அந்தக் கை ஹோம்ஸின் தாடையில் இறங்கியது. கால் மடங்கி, மல்லாக்க, மரம் சாய்கிற மாதிரி விழுந்தார். அதுபோல விழுந்தவர்கள் எழுந்திருப்பதில்லை. ஹோம்ஸ் எழுந்தார். அந்த ரவுண்டைத் தாண்டினார், மறுபடி இடது கையை நீட்ட ஆரம்பித்தார், 11-வது ரவுண்டில் ஆட்டத்தை முடித்தார். 1981-ல் ரெனால்டோ ஸ்னைப்ஸோடு அதே ஏழாவது ரவுண்டில் விழுந்து, அதே 11-வது ரவுண்டில் ஜெயித்தார். இப்போது டைசனை எடுங்கள். பஸ்டர் டக்ளஸ், இவாண்டர் ஹோலிஃபீல்ட், லெனாக்ஸ் லூயிஸ், கடைசியில் டேனி வில்லியம்ஸ். இவர்கள் கீழே தள்ளிய ஒரு ஆட்டத்திலும் டைசன் எழுந்து ஜெயித்ததில்லை. முதல் நாலு ரவுண்டில் டைசனைப் போல ஒருவன் பிறந்ததில்லை, இதை மனதாரச் சொல்கிறேன். நான் ஆட்களை வரிசைப்படுத்தும்போது முதலில் கேட்கும் கேள்வி, விழுந்த பிறகு என்ன செய்தான் என்பது.

மரியாதை என்று ஒன்று இருக்கிறது. நம் பக்கம் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் ஊரே இரண்டுபடும். குத்துச்சண்டையில் தலைகீழ். சாம்பியனைக் கடைசியில்தான் அறிவிப்பார்கள், அதுதான் முறை. 1982 ஜூன் 11 அன்று ஜெர்ரி கூனியோடு மோதியபோது ஹோம்ஸைத்தான் முதலில் அறிவித்தார்கள். கூனி வெள்ளைக்காரர், அமெரிக்காவில் பாதிப் பேர் அவர் ஜெயிக்கக் காத்திருந்தார்கள். நாலு வருஷம் சாம்பியனாக இருந்தவருக்குச் சொந்தப் பட்டப் போட்டியில் நடந்தது இது. 13-வது ரவுண்டில் கூனியை நிறுத்தினார்.

அவர் தவறு செய்யாத ஆள் என்று சொல்ல வரவில்லை. 1985 செப்டம்பர் 21 அன்று 48 ஆட்டம் ஜெயித்து, ஒன்றுகூடத் தோற்காமல் ஸ்பிங்க்ஸோடு மோதினார். ஒன்றுகூடத் தோற்காமல் ராக்கி மார்சியானோ ஜெயித்த 49-க்கு ஒன்று பாக்கி. மார்சியானோ தன் கடைசி ஆட்டத்தை ஆடி அன்றோடு சரியாக 30 வருஷம். ஹோம்ஸ் தோற்றார். தோற்ற கோபத்தில், இறந்துபோன மார்சியானோவைப் பற்றி இழிவாகப் பேசினார். பேசியிருக்கக் கூடாது. அவர் பெயர் பட்டியல்களில் கீழே இறங்கியதற்கு அந்தத் தோல்வியைவிட அந்தப் பேச்சு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஆனாலும் 20 முறை பட்டத்தைக் காத்தார். அன்று வரை ஜோ லூயிஸின் 25-க்கு அடுத்த எண் அதுதான். டைசன் தன் முதல் ஆட்சியில் காத்தது ஒன்பது முறை.

இன்னொன்றும் பாருங்கள். டைசனிடம் விழுந்த அதே ஹோம்ஸ் 1992 பிப்ரவரியில், 42 வயதில், ரே மெர்சரைச் சந்தித்தார். ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், அதுவரை தோல்வியே காணாதவர். ஹோம்ஸ் மூலையில் கயிற்றில் சாய்ந்துகொண்டு, குத்துகளைத் தடுத்தபடியே டிவி கேமராவைப் பார்த்துப் பேசினார், 12 ரவுண்டும் ஆடி ஜெயித்தார். கை அப்போதும் போன தடத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது.

அதனால் மூன்றாவது இடத்தை நான் மாற்றப்போவதில்லை. டைசனை எட்டில் இருந்து மேலே ஏற்ற உங்கள் கூடத்தில் காரணம் கிடைத்தால் எழுதுங்கள், நிச்சயமாகப் படிப்பேன். 1986-ல் இருந்து 1988 வரை அவர் ஆடியதைக் காட்டுங்கள், ஸ்பிங்க்ஸை முடித்த விதத்தைக் காட்டுங்கள். 1988 ஜனவரியை மட்டும் கொண்டுவராதீர்கள்.

அன்புடன்,
அண்ணன், செல்லூர்