நிலா ஏறியதும் ஃபிளாட் போட்ட படத்தில் மூலைகள் வெளுக்கின்றன, தூசி வளையங்கள் வெள்ளையாகத் தெரிகின்றன. கோளாறு எங்கே?

கேள்வியின் சாரம்: தொலைநோக்கியில் பொருத்தி வானத்தைப் படமெடுக்கும், குளிரூட்டும் வசதியுள்ள கலர் கேமரா. இருட்டு இரவில் படம் சரியாக வருகிறது. நிலா இருக்கும் இரவில் அதே டார்க் (மூடி போட்டு எடுத்த படம்), அதே ஃபிளாட் (மூலை மங்கலையும் தூசி நிழலையும் திருத்த, சமமாக ஒளிரும் பரப்பை எடுத்த படம்) போட்டால் நடுவைவிட மூலைகள் வெளுக்கின்றன, தூசி வளையங்கள் கறுப்புக்குப் பதில் வெள்ளையாகின்றன. ஃபிளாட்டை எத்தனை முறை புதிதாக எடுத்தாலும் மாற்றமில்லை.

ஃபிளாட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பதை முதலில் நிறுத்துங்கள். தூசி வளையம் வெள்ளையாகத் தெரிவது நல்ல தடயம். நிலவொளியால் வரும் கிரேடியன்ட் (பின்னணி வெளிச்சத்தின் சாய்வு) படத்தை ஒரு பக்கமாக வெளுக்கச் செய்யும், வளையம் வரையாது. வளையம் வெள்ளையானால் ஃபிளாட் தேவைக்கு மேல் திருத்துகிறது என்று அர்த்தம். அப்படி ஆவதற்குப் பெரும்பாலும் காரணம் ஃபிளாட் அல்ல, லைட்டுக்குள் (வானத்தை எடுத்த படத்துக்குள்) கழிக்கப்படாமல் தங்கிவிட்ட ஏதோ ஒன்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். செய்ய வேண்டியது (லைட் − டார்க்) ÷ (ஃபிளாட் − டார்க் ஃபிளாட்). டார்க் ஃபிளாட் என்பது ஃபிளாட்டின் அதே நேரத்துக்கு மூடி போட்டு எடுத்த படம். வானத்தின் உண்மையான வெளிச்சம் நடுவில் 2000 ஏடியூ (பிக்சலில் பதிவாகும் எண்), விக்னெட்டிங்கால் (ஓரங்கள் மங்குவதால்) மூலைக்கு வருவது 70 சதவீதம், அதாவது 1400 என்று வைத்துக்கொள்வோம். கேமரா எல்லாப் பிக்சலிலும் தானாகக் கூட்டும் ஆஃப்செட் 500. டார்க்கை ஒழுங்காகக் கழித்தால் 1400-ஐ 0.7-ஆல் வகுத்து 2000 வரும், மூலையும் நடுவும் சமம். டார்க் கழிபடவில்லை என்றால் நடு 2500, மூலை 1900. 1900 ÷ 0.7 = 2714. மூலை 214 ஏடியூ அதிகம். இதே கழித்தல் இரண்டு முறை நடந்தால் (பயஸ், அதாவது மிகக் குறைந்த நேரத்துக்கு மூடி போட்டு எடுத்த படம், ஏற்கெனவே கலந்திருக்கும் மாஸ்டர் டார்க்கை, அதாவது பல டார்க்குகளின் சராசரியைக் கொடுத்து, பயஸையும் தனியாகக் கொடுப்பது வழக்கமான தவறு) நடு 1500, மூலை 1286. இப்போது மூலை அதே 214 ஏடியூ கறுக்கும்.

ஃபிளாட்டில் டார்க் ஃபிளாட்டைக் கழிக்க மறந்தால் என்ன ஆகும்? 30000-க்கு 21000 என்றிருக்க வேண்டிய விகிதம் 30500-க்கு 21500 ஆகும், 0.7 என்பது 0.705 ஆகும். மூலையில் வருவது சுமார் 1986. வெறும் 14 ஏடியூ பிழை, அதுவும் கறுப்பான பக்கம். ஆகவே ஃபிளாட்டின் ஆஃப்செட்டைக் கழிக்க மறந்தால் மூலை வெளுக்காது, கறுக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆஃப்செட் தங்கியதால் வந்த 214 ஏடியூ, வானம் 200 ஏடியூவாக இருந்தாலும் 2000-ஆக இருந்தாலும் அதே 214-தான். ஃபிளாட் விகிதத்தில் வரும் பிழையோ வானத்தோடு சேர்ந்து பெருகும்: 200-க்கு 1.4, 2000-க்கு 14. எனவே நிலா உதிக்கும் முன் எடுத்த ஒரு சப் (தனி லைட் படம்), உதித்தபின் எடுத்த ஒரு சப், இரண்டையும் ஒரே மாஸ்டர்களால் காலிப்ரேட் செய்து (மேலே சொன்ன கழித்தல், வகுத்தல்), அலைன் செய்யாமல் (நட்சத்திரங்களைப் பொருத்தாமல்), நட்சத்திரம் இல்லாத இடங்களில் அளந்து பாருங்கள். நான்கு மூலைகளின் சராசரியிலிருந்து நடுவின் அளவைக் கழியுங்கள். நான்கு மூலைகளையும் சராசரி எடுப்பதற்குக் காரணம் உண்டு: ஒரே சாய்வாக இருக்கும் நிலாக் கிரேடியன்ட் எதிரெதிர் மூலைகளில் அடிபட்டுப் போகும், ஃபிளாட் பிழை மட்டும் மிஞ்சும்.

இரண்டு சப்பிலும் வித்தியாசம் ஒரே அளவா? அப்படியானால் டார்க்கில் கோளாறு. லைட்டுக்கும் டார்க்குக்கும் கெயின், ஆஃப்செட், நேரம், வெப்பநிலை நான்கும் ஒன்றுதானா என்று கோப்பின் ஹெடரில் பாருங்கள். நம்மூர் 30 டிகிரி இரவில் −10 என்று செட் செய்தால் கூலர் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடலாம். 0 டிகிரியில் நிலையாக நிற்பது அதைவிட மேல். ஆம்ப் க்ளோ (சென்சாரின் மின்சுற்றால் ஓரத்தில் வரும் ஒளிர்வு) உள்ள ஐஎம்எக்ஸ்294 சென்சார் என்றால் டார்க் ஆப்டிமைசேஷனை (மென்பொருள் டார்க்கைக் கூட்டிக் குறைத்துப் பொருத்துவதை) அணைத்துவிடுங்கள், அந்தக் க்ளோ நேரத்துக்கு நேர் விகிதத்தில் வளர்வதில்லை. அதே சென்சாரில் பயஸை நம்பாமல் 3 விநாடிக்குக் குறையாத ஃபிளாட்டும், அதே நேரத்துக்கு எடுத்த டார்க் ஃபிளாட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சரியாக ஓடுகிறதா என்பதை வானமே இல்லாமல் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. மாஸ்டர் ஃபிளாட்டை 28000 ஏடியூவில் எடுத்திருந்தால், அதே ஒளிப் பேனலில் பாதி நேரத்துக்கு ஒரு ஃபிளாட் எடுங்கள், சுமார் 14000 வரும். அதையே லைட்டாகப் பாவித்து, அதன் நேரத்துக்குப் பொருந்தும் டார்க்கோடு காலிப்ரேட் செய்யுங்கள். முடிவு மூலைக்கு மூலை சமமாக இருந்தால் கழித்தல், வகுத்தல் எல்லாம் சரி. ஃபிளாட்டைக் குறை சொல்ல இனி இடமில்லை.

இந்தச் சோதனையில் தேறியும், கேள்வியில் உள்ளதுபோல நிலா இருக்கும்போது மட்டும் மூலை வெளுத்தால், தொலைநோக்கியின் குழாய்க்குள் அந்நிய வெளிச்சம் நுழைகிறது. நிலவொளி உள்சுவரில் பட்டுத் தெறித்து சென்சார் முழுக்க 200 ஏடியூ சமமாகப் பரவினால், அது லென்ஸ் வழியாக முறையாக வந்த ஒளி அல்ல, அதற்கு விக்னெட்டிங் கிடையாது. ஃபிளாட்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது. மூலையில் உள்ள 200-ஐயும் 0.7-ஆல் வகுத்து 286 ஆக்கிவிடும். கழிக்காத ஆஃப்செட் செய்யும் அதே வேலை.

கண்டுபிடிக்க ஒரு பெரிய அட்டை போதும். வாயை மறைக்காமல், நிலா இருக்கும் பக்கம் மட்டும் குழாயின் மேல் நிழல் விழும்படி பிடித்து ஒரு சப் எடுங்கள். பின்னணி அளவு சட்டென்று இறங்கினால் வழி அதுதான். பிறகு மூடியைப் போட்டு, நிலவிலேயே 300 விநாடி ஓடவிட்டு, அதன் சராசரியை இருட்டறையில் எடுத்த டார்க்கோடு ஒப்பிடுங்கள். அளவு கூடியிருந்தால் இடுக்கு ஒன்று இருக்கிறது. மூடியைக் கழற்றாமல் டார்ச்சை ஒவ்வோர் இடத்திலும் காட்டிச் சிறு சப்களாக எடுத்தால் எந்த இடுக்கு என்று தெரிந்துவிடும்: ஃபில்டர் டிராயரின் பிளவு, ஃபோகஸர் குழாயைச் சுற்றியுள்ள சந்து, நியூட்டோனியனில் (ஆடி வைத்த தொலைநோக்கியில்) பிரதான ஆடியின் பின்புறம், டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர். ஆடியின் பின்புறத்துக்குக் கறுப்புத் துணி, டிராயருக்குக் கறுப்பு டேப். முன்பக்கத்துக்கு நீளமான டியூ ஷீல்டு (பனித் தடுப்புக் குழல்), ஃபோகஸருக்கு எதிர்ச்சுவரில் ஃப்ளாக்கிங் தாள் (ஒளியை விழுங்கும் கறுப்புத் தாள்). நியூட்டோனியனில் இந்த எதிர்ச்சுவரைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சென்சார் நேராகப் பார்ப்பது அதைத்தான்.

இதே காரணத்தால் டார்க்கை நிலவில் திறந்தவெளியில் எடுக்காதீர்கள். சில பிளாஸ்டிக் மூடிகள் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. கேமராவைக் கழற்றி உலோக மூடி போட்டு, வீட்டுக்குள் எடுப்பதே நல்லது. ஒளி கசிந்த டார்க் 50 ஏடியூ கூடுதலாகக் கழித்தால் மூலை 21 ஏடியூ கறுக்கும்.

எல்லாம் சரியான பிறகும் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளுத்திருக்கும். அது வானத்தின் கிரேடியன்ட், அதை ஃபிளாட்டிடம் கேட்காதீர்கள். மெரிடியன் ஃப்ளிப்புக்கு (பொருள் உச்சிக்கோட்டைக் கடக்கும்போது தொலைநோக்கி மறுபக்கம் திரும்புவது) முன்னும் பின்னும் உள்ள சப்களைப் பக்கத்தில் வைத்தால் புரியும்: சென்சாரின் அதே மூலையில் நிற்பது கேமரா, ஃபிளாட் சம்பந்தப்பட்டது, நட்சத்திரங்களோடு சேர்ந்து தலைகீழாகத் திரும்பியது வானத்தைச் சேர்ந்தது. இரவு முழுக்க நிலா நகர்வதால் கிரேடியன்ட்டின் திசையும் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்டாக் செய்தபின் (சப்களை ஒன்றாக அடுக்கியபின்) அதை நீக்க முயன்றால் பல சாய்வுகள் கலந்த சிக்கலான வளைவு கிடைக்கும். சிரில் மென்பொருளில் காலிப்ரேட், டீபேயர் (கலர் படமாக மாற்றுவது) முடித்தவுடன், ஒவ்வொரு சப்பிலும் முதல் படி பாலினோமியலை (நேரான சாய்வை) கழித்தல் முறையில் நீக்கிவிட்டு அலைன் செய்யுங்கள். வகுத்தல் முறை வேண்டாம், நிலவொளி கூட்டலாகச் சேர்ந்தது. முதல் படிக்கு மேல் போனால் நெபுலாவின் மங்கலான ஓரத்தையும் தின்றுவிடும். மிச்சம் இருப்பதை ஸ்டாக்குக்குப் பின் கிராக்ஸ்பெர்ட் மென்பொருளில் மெதுவாக நீக்கலாம்.

நாரோபேண்டில் (குறுகிய அலைநீளத்தை மட்டும் விடும் ஃபில்டரில்) எடுப்பவர்கள் முழுநிலவில் 656 நானோமீட்டர் எச்-ஆல்ஃபாவை (ஹைட்ரஜன் ஒளி) எடுத்துக்கொண்டு, 501-இல் இருக்கும் ஓ-3-ஐ (ஆக்சிஜன் ஒளி) இருட்டு இரவுக்கு ஒதுக்குங்கள். சிதறிய நிலவொளி நீலப் பக்கம்தான் அதிகம். இருட்டு இரவில் எடுக்கும் அந்த ஓ-3 சப்களில் பின்னணி மிகக் குறைவாக இருக்கும். டார்க் கழித்ததும் பிக்சல்கள் பூஜ்யத்துக்குக் கீழே போய் வெட்டுப்படாமலிருக்க, பிக்ஸ்இன்சைட் மென்பொருளில் 100 முதல் 200 ஏடியூ வரை அவுட்புட் பெடஸ்டல் (எல்லாப் பிக்சலிலும் கூட்டும் ஒரே எண்) கொடுங்கள்.