பழைய காரின் மரச்சட்டம் உளுத்துவிட்டது. முழுவதையும் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்யலாமா?

ஒரே மூச்சில் கழற்றாதீர்கள். தகரத்தை வடிவம் மாறாமல் தாங்குவதே உள்ளே இருக்கும் மரம்தான். அதை மொத்தமாக எடுத்துவிட்டால் அளவு பார்க்க எதுவும் மிஞ்சாது. ஒரு துண்டைக் கழற்றி, அதையே அச்சாக வைத்துப் புதியதை அறுத்துப் பொருத்திய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். தண்ணீர் தேங்கும் இடம் என்பதால் கதவுத் தூணின் அடிப்பகுதி பெரும்பாலும் பொடியாகியிருக்கும். அங்கே தகரத்திலுள்ள பழைய ஆணித் துளைகள்தான் வழிகாட்டி.

மரம்? ஆஷ் (ash) என்ற ஐரோப்பிய மரம்தான். அதிர்வுக்கு வளைந்துகொடுக்கும், திருகாணியை விடாது. பிரிட்டனின் மார்கன் நிறுவனக் கார்களில் இன்றும் அதுதான். ஓக் வேண்டாம், அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பு ஆணியை அரித்துவிடும். வளைவான துண்டுக்கு மெல்லிய பட்டைகளை வளைத்து ஒட்டுவது மேல். ஒரே பலகையில் அறுத்தால் இழை குறுக்கே போகும் இடத்தில் பிளக்கும்.

பசை போடுமுன் கதவை மாட்டி மூடிப் பாருங்கள். தகரம் ஏறிய பிறகு இடைவெளியைத் திருத்துவது பெரும்பாடு.