பையன் சாட்டிங் செய்யவில்லை அம்மா, பட்டன் வைக்கிறான்

வணக்கம் அம்மா. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம், கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் ஆப்டிட்யூட் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க இவன் மட்டும் ராத்திரியெல்லாம் "சாட்டுக்குள்ளே ஒரு பட்டன்" என்று உட்கார்ந்திருக்கிறான், கேட்டால் புராஜெக்ட் என்கிறான், இது சோறு போடுமா என்று எழுதியிருந்தீர்கள். பட்டன் மட்டும் போடாது. அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருக்கிற வேலையை ஒழுங்காக முடித்தான் என்றால் இன்டர்வியூவில் பேச அவனிடம் விஷயம் இருக்கும். பாதி பிள்ளைகளிடம் அது இருப்பதில்லை.

முதலில், அவன் என்ன செய்கிறான் என்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஆபீஸ்களில் ஆட்கள் நாள் முழுக்க ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், நம் சென்னை ஜோஹோவின் கிளிக் மாதிரி ஏதாவது ஒரு சாட்டில்தான் கிடக்கிறார்கள். லீவு போட வேண்டுமென்றால் தனியாக ஒரு தளத்தைத் திறந்து, மறந்துபோன பாஸ்வேர்டைத் தேடி, எங்கேயோ இருக்கிற ஃபாரத்தை நிரப்ப வேண்டியிருந்தது. இப்போது சாட்டிலேயே ஒரு சாய்கோடு போட்டு 'லீவு' என்று தட்டினால் சின்ன ஃபாரம் வரும், அனுப்பினால் மேனேஜருக்கு இரண்டு பட்டன்களோடு செய்தி போகும், அவர் 'சரி' என்பதை அழுத்தினால் அந்தப் பக்கம் லீவுக் கணக்கில் ஒரு நாள் குறையும். சாட் வெறும் கவுன்டர்தான்.

'சாட்டிங்தானே' என்று லேசாக நினைக்காதீர்கள். ஸ்லாக் என்பதே தோற்றுப்போன ஒரு ஆன்லைன் விளையாட்டுக் கம்பெனி தன் ஆட்கள் பேசிக்கொள்ளச் செய்துவைத்திருந்த கருவி. 2021-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் கம்பெனி அதைச் சுமார் 2,770 கோடி டாலருக்கு வாங்கியது.

சரி, கஷ்டம் எங்கே இருக்கிறது? ஸ்லாக்கில் யாராவது பட்டனை அழுத்தினால், 'வந்து சேர்ந்தது' என்று உங்கள் பையனுடைய புரோகிராம் 3 வினாடிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். லீவுக் கணக்கைத் திருத்த 10 வினாடி ஆகும் என்றால்? பேங்கில் முதலில் டோக்கனைக் கையில் கொடுத்து உட்கார வைப்பார்களே, அதே மாதிரி முதலில் பதில், அப்புறம் வேலை, வேலை முடிந்ததும் அதே செய்தியை 'முடிந்தது' என்று மாற்றி எழுதுவது. இது தெரியாமல் எழுதினால் அழுத்தியவருக்குப் பிழை காட்டும், அவர் சும்மா இருப்பாரா, மறுபடி அழுத்துவார். நான் இந்த ஆலோசனை வேலைக்கு வருமுன் ஒரு மென்பொருள் கம்பெனியில் சப்போர்ட்டில் இருந்தேன், அங்கே இப்படி ஒரு மேனேஜர் இரண்டு தடவை அழுத்தப்போய் ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் லீவுக்கு இரண்டு நாள் கழிந்துவிட்டது. சரிசெய்ய ஒரு வாரம் மெயில் போட்டோம்.

இன்னொன்று, பாதுகாப்பு. அவன் புரோகிராமின் முகவரி தெரிந்த எவனும் 'மேனேஜர் சரி சொல்லிவிட்டார்' என்று போலியாக அனுப்பிவைக்கலாம். அதற்காகத்தான் ஸ்லாக் ஒவ்வொரு செய்தியோடும் ஒரு டிஜிட்டல் கையெழுத்தை அனுப்புகிறது, அது பொருந்துகிறதா, செய்தி 5 நிமிஷத்துக்கு மேல் பழசா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். யூடியூப் பார்த்துச் செய்கிறவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிவிடுகிறார்கள், நான் இன்டர்வியூ எடுத்தால் முதல் கேள்வி இதுதான். பாட், அதாவது சாட்டுக்குள் ஓடுகிற இந்த மாதிரி புரோகிராம், அதன் ரகசியச் சாவியை அப்படியே கிட்ஹப்பில் (புரோகிராம்களைப் போட்டுவைக்கிற தளம்) ஏற்றி ஊருக்கே காட்டியிருக்கிறானா என்பது இரண்டாவது கேள்வி.

ஆனால் 'ஸ்லாக் பாட் செய்பவர்' என்று யாரும் ஃபிரெஷரை எடுப்பதில்லை. ஒரு மென்பொருளை இன்னொன்றோடு இணைக்கிற இன்டெக்ரேஷன், வேலையைத் தானாக நடக்கவைக்கிற ஆட்டோமேஷன், வாங்கியவர் இடத்தில் அமைத்துக்கொடுக்கிற இம்ப்ளிமென்டேஷன் என்று பல பெயரில் வருகிற வேலைகளுக்கு இது அடித்தளம், அவ்வளவுதான். கேம்பஸில் வருகிற பெரிய கம்பெனிகளின் முதல் ரவுண்டில் ஆப்டிட்யூட்டில் விழுந்தால் புராஜெக்டைப் பற்றி யாரும் கேட்கவே போவதில்லை. உங்கள் பயம் அந்த அளவுக்கு நியாயம். தினமும் ஒரு மணி நேரம் அந்தக் கணக்குக்கு என்று அவனிடம் கறாராகச் சொல்லுங்கள். இதற்கென்று கோர்ஸ் விற்கிறவர்களிடம் மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள், தேவையான விளக்கங்கள் அந்தந்தக் கம்பெனித் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன.

அவனிடம் நான் சொல்ல நினைப்பது வேறு ஒன்று. இல்லாத ஆபீஸுக்கு லீவு பட்டன் எதற்கு? அவன் அப்பாவுக்கு சிவகாசியில் பிரஸ் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் (அச்சடிக்குமுன் காட்டுகிற மாதிரி) அனுப்பி, பார்ட்டி, அதாவது ஆர்டர் கொடுத்தவர், 'ஓகே' என்று எங்கோ ஒரு வாய்ஸ் மெசேஜில் சொல்லி, அச்சடித்து முடித்தபிறகு 'மாப்பிள்ளை இனிஷியல் தப்பு, நான் எப்போ ஓகே சொன்னேன்' என்று சண்டை வருகிற வீடுதானே உங்களுடையது? டெலிகிராமில் ஒரு பாட் செய்யட்டும். புது பாட்களைப் பதிவுசெய்கிற டெலிகிராமின் சொந்த பாட்டான பாட்ஃபாதரிடம் பெயர் சொன்னால் சாவி கிடைத்துவிடும், காசு கிடையாது, வீட்டு லேப்டாப்பிலேயே ஓடும். புரூஃப் படம், கீழே 'அச்சடிக்கலாம்', 'திருத்தம் இருக்கிறது' என்று இரண்டு பட்டன், யார் எத்தனை மணிக்கு அழுத்தினார் என்ற பதிவு. நாலு பார்ட்டி நிஜமாகப் பயன்படுத்தினால் போதும், ரெஸ்யூமேயில் அந்த ஒரு வரி பேசும். புரோகிராம் வரிகளை ஏஐ எழுதித் தந்தால் தரட்டும், ஒவ்வொரு வரியும் எதற்கு என்று அவனால் வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும்.

முடிந்ததும் முதல் டெஸ்ட் நீங்கள்தான். 'அச்சடிக்கலாம்' என்பதை வேண்டுமென்றே இரண்டு தடவை அழுத்துங்கள். அப்புறம் அவனை லேப்டாப்பில் நெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு தடவை அழுத்துங்கள், நெட் திரும்பியதும் பாருங்கள். ஒரு பத்திரிகைக்கு இரண்டு ஆர்டர் விழுந்தால் திருப்பி அனுப்புங்கள், இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் லேப்டாப்பை மூடச் சொல்வது உங்கள் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன்.