ஓடிபி யார் போனுக்கு வருகிறது, டீச்சர்?

கேள்வி: நான் காவேரிப்பட்டணத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 62. சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்க அடுத்த மாதம் கிளம்புகிறேன். கையில் எவ்வளவு ரொக்கம் கொண்டுபோகலாம்? என் ஏடிஎம் கார்டு அங்கே வேலை செய்யுமா? கார்டு, பாஸ்புக் எல்லாம் மகனிடம்தான். ஓடிபியும் அவன் போனுக்குத்தான் வரும், அதனால் இதுவரை எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: உங்கள் கடைசி வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பென்ஷன் எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுத்தார்கள் என்று பேங்க் அனுப்பும் ஒரு எஸ்எம்எஸ்கூட உங்கள் கண்ணில் படுவதில்லை. அப்புறம் தொந்தரவு இருந்தால்தான் எப்படித் தெரியும்?

உங்கள் மகனைக் குறை சொல்லவில்லை. அம்மா வெயிலில் வரிசையில் நிற்க வேண்டாமே என்றுதான் வாங்கி வைத்திருப்பார். ஆனால் தினமும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு நீங்கள் சம்பாதித்த பணம் அது. பிள்ளையை நம்புங்கள். அதற்காகத் தன் கணக்கையே எட்டிப் பார்க்காமல் இருப்பது பாசமில்லை, சோம்பல். ஒரு டீச்சர் இதைச் செய்யலாமா?

2020 மார்ச் 16க்குப் பிறகு கொடுத்த கார்டுகள் வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது. ரிசர்வ் வங்கி விதி அது. நாம்தான் ஆன் செய்ய வேண்டும். அதற்கான பேங்க் ஆப், கணக்கில் பதிந்த சிம் இருக்கும் போனில்தான் திறக்கும். உங்கள் விஷயத்தில் அந்த சிம் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை ஏழு மணிக்குத் தேக்கா மார்க்கெட்டில் மகளுக்குப் பால்சுறா வாங்க நிற்கிறீர்கள், கார்டு வேலை செய்யவில்லை. இங்கே மணி நாலரை, மகன் நல்ல தூக்கத்தில் இருப்பார். மீன்காரர் பையை நீட்டியபடி நிற்க, நீங்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பிரசவம் பார்க்கப் போகிற தாய் சம்பந்தி வீட்டுப் பிள்ளையிடம் கை நீட்டக் கூடாது. பேரப்பிள்ளைக்குப் போடும் மோதிரமும் பாட்டியின் பணத்தில்தான் இருக்க வேண்டும். இதில் நான் பழைய காலத்து ஆள்தான்.

சரி, ரொக்கத்துக்கு வருவோம். முதல் இரண்டு நாள் செலவுக்கு மட்டும் சிங்கப்பூர் டாலர் நோட்டாக வாங்குங்கள். ரூபாய் நோட்டாகக் கொடுத்தால் 50,000 ரூபாய்க்குக் குறைவாகத்தான் அந்நியப் பணம் வாங்க முடியும். 50,000 ஆகிவிட்டாலே முழுத் தொகையையும் செக்கிலோ கணக்கிலிருந்தோதான் கொடுக்க வேண்டும். இந்திய நோட்டு 25,000 ரூபாய் வரை கொண்டுபோகலாம். திரும்பி வரும்போது பெங்களூரு விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் டாக்ஸிக்கு ஆகும் அளவு போதும். மீதிச் செலவுக்கு, வெளிநாட்டுப் பணத்தை முன்பே போட்டு வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் சிங்கப்பூர் டாலர் ஏற்றிக்கொள்ளுங்கள். பென்ஷன் கார்டு அவசரத்துக்கு இருக்கட்டும். அதைத் தேய்க்கும்போது ரூபாயா, டாலரா என்று மெஷின் கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் போடும் ரேட்டில் கூடுதலாகப் போகும்.

அங்கே போனதும் நம்மூர் சிம்மைக் கழற்றி பர்ஸில் போட்டுவிடாதீர்கள். ஓடிபி அதில்தான் வரும், ரோமிங் போட்டு போனிலேயே வைத்திருங்கள்.

இதெல்லாம் கணக்கில் பதிந்த போன் நம்பர் மாறினால்தான் நடக்கும். திங்கட்கிழமை ஆதார், பாஸ்புக்கோடு உங்கள் பேங்க் கிளைக்குப் போங்கள். மகனையும் கூட்டிப் போங்கள், அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டிய வேலை இல்லை இது. உங்கள் நம்பரைப் பதிந்து, கார்டின் ரகசிய பின் நம்பரையும் நீங்களே மாற்றுங்கள். வெளியே வந்ததும் ஏடிஎம்மில் ஐந்நூறு ரூபாய் எடுத்துப் பாருங்கள். எஸ்எம்எஸ் உங்கள் போனில் வருகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.