நானோ கம்பி சென்சார் போட்டால் தவறான அலாரம் நின்றுவிடுமா?

கேள்வி: எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவியைக் கல்லூரி புராஜெக்டாகச் செய்கிறேன். எம்க்யூ-2 சென்சார்தான் போட்டிருக்கிறேன். பக்கத்தில் சானிடைசர் தடவினாலே அலாரம் அடிக்கிறது, மழை நாளில் அளவும் மாறுகிறது. நானோ கம்பி சென்சாருக்கு மாறினால் இரண்டும் சரியாகுமா?

பதில்: ஆகாது. நானோ அமைப்பு, அதாவது தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய கம்பியோ துகளோ, முதலில் கூட்டுவது உணர்திறனை. உங்களுக்குக் குறைவது பிரித்தறியும் திறன், அதாவது வந்தது எந்த வாயு என்று கண்டுபிடிக்கும் திறன்.

சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேன் காற்றில் ஏறத்தாழ 1.8 சதவீதத்தை எட்டினால்தான் தீப்பிடிக்கும். அதில் பத்தில் ஒரு பங்கிலேயே எச்சரிக்க வேண்டும் என்று வைத்தாலும் 1800 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1800 பங்கு). எம்க்யூ-2 சில நூறு பிபிஎம்மிலேயே உணர்ந்துவிடும். ஆக, உணர்திறன் இப்போதே தேவைக்கு மேல் இருக்கிறது.

சிக்கல், எம்க்யூ-2-இல் வாயுவை உணரும் பொருளான டின் ஆக்சைடு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. சூடேறிய அதன் மேற்பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்கிறது, மின்தடை ஏறுகிறது. எரியக்கூடிய வாயு வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிகிறது, எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன, தடை இறங்குகிறது. பியூட்டேன் வந்தாலும் ஆல்கஹால் வந்தாலும் நடப்பது இதேதான். நீராவியும் அதே மேற்பரப்பில் இடம் பிடித்துத் தடையை மாற்றுகிறது.

அப்படியானால் நானோ எதற்கு? ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பிடித்து வைப்பதால் துகளின் மேற்புறத்தில் எலக்ட்ரான் வற்றிய ஓர் அடுக்கு உருவாகிறது. அதன் தடிமன் சுமார் 3 நானோமீட்டர்தான். பெரிய துகளில் உட்பகுதி முழுவதும் வாயுவைப் பற்றி எதுவும் சொல்லாமல் சும்மா கிடக்கும். துகள் 6 நானோமீட்டருக்குக் கீழே போனால் மொத்தத் துகளும் உணர ஆரம்பிக்கும், உணர்திறன் திடீரென்று எகிறும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1991-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். ஆனால் அவ்வளவு சிறிய துகள்கள் வேலை செய்யும் சூட்டில் மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். நானோ கம்பியின் உண்மையான பலம் இங்கேதான் என்பது என் கருத்து: ஒவ்வொரு கம்பியும் ஒரே படிகம் என்பதால் சூட்டைத் தாங்கி நீண்ட நாள் நிலையாக நிற்கும்.

பிரித்தறியும் திறன் வேண்டுமானால் மேற்பரப்பின் வேதியியலை மாற்ற வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டின் ஆக்சைடின் மேல் காப்பர் ஆக்சைடு. இரண்டும் தொடும் இடத்தில் மின்தடை மிக அதிகம். ஹைட்ரஜன் சல்பைடு பட்டதும் காப்பர் ஆக்சைடு நன்றாக மின்சாரம் கடத்தும் காப்பர் சல்பைடாக மாறும், தடை பல மடங்கு சரியும். வேறு வாயுக்கள் இந்த மாற்றத்தைச் செய்வதில்லை. இன்னொரு வழி வடிகட்டுவது. துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகள் மேல் மிக நுண்ணிய துளைகள் கொண்ட உலோக-கரிமச் சட்டகத்தை (உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகள் இணைத்த வலை போன்ற பொருள்) பூசினால், சிறிய ஹைட்ரஜன் மூலக்கூறு எளிதாக உள்ளே போகும், பெரியவை வெளியே நிற்கும்.

கார்பனாலான கிராபீன் தகடு, கார்பன் நானோகுழாய் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் சென்சார்கள் பற்றியும் படித்திருப்பீர்கள். அறை வெப்பநிலையிலேயே வேலை செய்வது பெரிய வசதிதான். ஆனால் ஒட்டிய வாயு விலக வெகுநேரம் எடுக்கும். கசிவு அலாரத்துக்கு இப்போதைக்கு வேண்டாம்.

சரி, உங்கள் கருவிக்கு வருவோம். உட்புறத்தில் வடிகட்டி வைத்த எல்பிஜி சென்சார்கள் கடையிலேயே கிடைக்கின்றன, ஆல்கஹால் ஆவியைப் பெருமளவு தடுத்துவிடும். முதலில் அதற்கு மாறுங்கள். வெப்பநிலை, ஈரப்பதம் அளக்கும் சிறு சென்சாரையும் சேர்த்து, அதன் அளவைக் கொண்டு வாசிப்பைத் திருத்துங்கள். புதிய சென்சாரை ஒரு நாளாவது சூடேற்றி வைத்த பிறகே அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். பெட்டியை ஒட்ட சிலிக்கோன் பசையைப் பயன்படுத்தவே வேண்டாம், அதன் ஆவி சென்சாரின் மேற்பரப்பை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். அப்புறம், லைட்டர் வாயுவை நேராக ஊதிப் பார்ப்பது சோதனை ஆகாது. அளவு தெரிந்த வாயுக் கலவையை ஆய்வகத்தில், ஆசிரியர் மேற்பார்வையில் செலுத்தித்தான் அலாரத்தின் எல்லையை முடிவு செய்ய வேண்டும்.