பையனுக்கு இம்யூனிட்டி போகல, தோல்ல தான் பிரச்சனை

புண்ணு திரும்பத் திரும்ப வருதே, பையனுக்கு இம்யூனிட்டி போயிடுச்சோன்னு பயந்து லெட்டர் எழுதியிருக்கீங்க. முதல்ல அந்த பயத்தை இறக்கி வைங்கம்மா, உங்க 4 வயசு பையனுக்கு இம்யூனிட்டி ஒண்ணும் போகல. எதிர்ப்பு சக்தியே குறைஞ்சு பொறக்குற குழந்தைங்களுக்கு திரும்பத் திரும்ப நிமோனியா வரும், எடை ஏறாது, உள்ளுறுப்புல சீழ் கட்டும், உங்க லெட்டர்ல அதுல ஒண்ணு கூட இல்ல. முழங்கை மடிப்புலயும் முழங்காலுக்குப் பின்னாடியும் கரப்பான் (எக்ஸிமா), சொறிஞ்ச இடத்துல மஞ்சளா பொருக்கு கட்டுற புண்ணு, ஆறிட்டு மறுபடி வருது, அவ்வளவு தான்.

'கரப்பான் உள்ளவங்களுக்கு ஆன்டிமைக்ரோபியல் பெப்டைட் கிடையாது'ன்னு நெட்ல படிச்சேன்னு எழுதியிருக்கீங்க, அது பாதி தான் உண்மை. நம்ம தோல், வெள்ளை அணு, வியர்வைச் சுரப்பி எல்லாமே கிருமியைக் கொல்ற சின்னச் சின்ன புரதத் துண்டுகளைத் தயார் பண்ணும், அது தான் அந்த பெப்டைட், டிஃபென்சின், கேத்தலிசிடின்னு பேரு. கேத்தலிசிடின் வகையில எல்எல்-37னு ஒண்ணு இருக்கு, மொத்தமே 37 அமினோ அமிலம் தான். அதுல பாசிட்டிவ் சார்ஜ், பாக்டீரியாவோட மேல் சவ்வுல நெகட்டிவ் சார்ஜ், அதனால நேரா போய் ஒட்டிக்கிட்டு சவ்வுக்குள்ள சொருகி ஓட்டை போட்டுடும், உள்ள இருக்கறதெல்லாம் கசிஞ்சு பாக்டீரியா செத்துடும். நம்ம செல்லோட வெளிப்பக்கம் அந்த அளவுக்கு நெகட்டிவ் கிடையாது, கொலஸ்ட்ராலும் இருக்கு, அதனால பெரும்பாலும் தப்பிச்சுக்கும். கொல்றதோட வேலை முடியல, வெள்ளை அணுக்களை அந்த இடத்துக்கு வரவழைக்கறதும் புண்ணை மூட வைக்கறதும் அதே எல்எல்-37 தான்.

2002ல அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கரப்பான் தோலையும் சொரியாசிஸ் தோலையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. ரெண்டுலயும் தோல் கெட்டுப்போயிருக்கு, ஆனா சொரியாசிஸ்ல சீழ் பிடிக்கறது அபூர்வம், கரப்பான்ல அடிக்கடி பிடிக்கும். காரணம் பார்த்தா சொரியாசிஸ் தோல்ல இந்த பெப்டைட் ஏகத்துக்கும் இருக்கு, கரப்பான் தோல்ல ரொம்ப கம்மி. அதுக்காக உங்க பையனுக்கு அதைச் செய்யவே தெரியாதுன்னு அர்த்தம் இல்ல. அலர்ஜி அழற்சி இருக்கும்போது வர்ற இன்டர்லூகின்-4, 13ங்கற ரெண்டு சிக்னல் புரதமும் சேர்ந்து அந்தத் தயாரிப்பை அமுக்கி வைக்குது, அந்த இடைவெளியில புண்ணுல சீழ் பிடிக்க வைக்கற ஸ்டாஃப் பாக்டீரியா குடியேறிடுது. அழற்சியை அடக்குங்க, பாக்டீரியாவும் குறையும். அதுக்குத் தான் உங்க டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட், அவர் சொன்ன இடத்துல சொன்ன நாள் மட்டும் போட்டா தோல் ஒண்ணும் கெட்டுப்போகாது. அதை பயந்து நிறுத்திட்டு மெடிக்கல் ஷாப்ல கேட்டு மூணு மருந்து கலந்த ட்யூப் வாங்கிப் போட்டிருக்கீங்க பாருங்க, அதுல இருக்கறதும் ஸ்டீராய்டு தான், அதுவும் பெரும்பாலும் ஸ்ட்ராங்கானது. தூக்கிப் போடுங்க.

ஆன்லைன்ல ஆர்டர் பண்ணின பெப்டைட் சீரம் முகச் சுருக்கத்துக்கு விக்கறது, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நிஜ எல்எல்-37 கிடைச்சாலும் அள்ளிப் பூச முடியாது, அது அளவு மீறினாலும் தோல் சிவந்து அழற்சி ஆகும், முகம் சிவந்து போற ரொசேஷியா வியாதியில நடக்கறது அது தான். டெட்டால் ஊத்திக் குளிப்பாட்டறது, ஆன்டிசெப்டிக் சோப்பு ரெண்டும் வேண்டாம், தோல் இன்னும் வறளும். குளிச்சு ஈரம் ஒத்தி எடுத்த உடனே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தாராளமா தடவுங்க. கோழி, முட்டையை நிறுத்த வேண்டியதில்ல, சாப்பிட்ட உடனே தடிப்போ வாந்தியோ வந்தா மட்டும் சொல்லுங்க.

விட்டமின் டி விஷயத்துல எனக்கு கோவமே வருது. கேத்தலிசிடின் ஜீனை விட்டமின் டி தூண்டி விடும், அது உண்மை தான், ஆனா யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பினாங்கன்னு பாட்டிக்கு எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் சாஷேவை குழந்தைக்கு வாராவாரம் கலக்கிக் கொடுக்கறதா? இந்த வயசுல ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும், ஒரு சாஷே நூறு நாள் கணக்கு. இன்னைக்கே நிறுத்திட்டு, கால்சியம், விட்டமின் டி, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்குன்னு பார்க்கறது) ரத்தப் பரிசோதனை இந்த வாரமே எடுங்க. வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி ஒண்ணுக்குப் போறதுன்னு ஏதாவது இருந்தா காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.

நீங்க போற போக்குல எழுதின ஒரு வரி தான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு. அவனோட மாமாவுக்கு அடிக்கடி உதட்டு ஓரத்துல கொப்புளம் வரும், சூட்டுக் கொப்புளம்னு விட்டுடுவோம்னு சொல்றீங்க. அது பெரும்பாலும் ஹெர்பீஸ் வைரஸ். மத்தக் குழந்தைங்களுக்கு வாய்ப்புண்ணோட போயிடும், கரப்பான் தோல்ல அந்த பெப்டைட் கம்மிங்கறதால வைரஸ் சரசரன்னு பரவும். அது எப்படி இருக்கும்னு நல்லா மனசுல பதிய வச்சுக்கோங்க: கரப்பான் இருக்கற இடத்துல திடீர்னு கூட்டமா சின்னக் கொப்புளம், எல்லாமே ஒரே சைஸ், உடைஞ்சா துளைச்சு எடுத்த மாதிரி வட்டமான பள்ளம், அரிப்பை விட வலி தான் அதிகம், கூடவே காய்ச்சல், குழந்தை சோர்ந்து படுத்துக்கும். நம்ம வீடுகள்ல இதைப் பார்த்த உடனே அம்மை போட்டிருக்குன்னு வேப்பிலை வச்சு, டாக்டர்கிட்ட போகக்கூடாதுன்னு ரெண்டு மூணு நாள் ஓட்டிடறாங்க. அப்படி செய்யாதீங்க. ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் 'கரப்பான் இருக்கற குழந்தை, இது ஹெர்பீஸா பாருங்க'ன்னு வாய்விட்டுக் கேளுங்க. இந்த வைரஸுக்கான மருந்து அசைக்ளோவிர், நேரத்துக்கு ஆரம்பிச்சா நல்லா ஆயிடும், கண்ணுகிட்ட வந்திருந்தா கண் டாக்டரும் அன்னைக்கே பார்க்கணும்.

மாமாகிட்டயும் பேசிடுங்க. உதட்டுல எரிச்சல் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து பொருக்கு முழுசா உதிர்ற வரைக்கும் பையனுக்கு முத்தம் கிடையாது, ஒரே டம்ளர், ஒரே துண்டு கிடையாது, புண்ணைத் தொட்டா சோப்பு போட்டு கை கழுவிட்டுத் தான் அவனைத் தூக்கணும்.