ஏசா செய்த பிழை என்ன?

கேள்வி: ஈசாக்கு–ரெபெக்காளின் இரட்டைப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே, நல்வினை தீவினை ஒன்றும் செய்யாதிருக்கும்போதே, தேவன் யாக்கோபைத் தெரிந்துகொண்டு (அதாவது, தேர்ந்தெடுத்து) ஏசாவைத் தள்ளினார் என்று ரோமர் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். முடிவு முன்னமே எழுதப்பட்ட ஒருவனை நியாயத்தீர்ப்பு நாளில் குற்றவாளியாக நிறுத்துவது எந்த வகையில் நீதி? இதை வேதபாட வகுப்பில் கேட்டபோது, களிமண் குயவனைக் கேள்வி கேட்கலாமா என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார்கள்.

பதில்: தங்கள் கேள்வியைப் பாவமாக எண்ண வேண்டாம். அதே அதிகாரத்தின் 14-ஆம் வசனத்தில் பவுலே, ‘தேவனிடத்திலே அநீதி உண்டென்று சொல்லலாமா?’ என்ற கேள்வியை எழுப்புகிறார். சோதோமுக்காகப் பரிந்து பேசிய ஆபிரகாமும், சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ என்று தேவனிடமே கேட்டார். அவர்களுக்கு இருந்த உரிமை தங்களுக்கும் உண்டு. களிமண் உவமையைக் கொண்டு வாயை அடைக்கிறவர்கள், பழைய ஏற்பாட்டில் அந்த உவமை விரிவாக வருகிற எரேமியா 18-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். குயவன் வனைந்துகொண்டிருந்த பாண்டம் அவன் கையிலேயே கெட்டுப்போகிறது. அவன் அந்த மண்ணை எறிந்துவிடாமல், அதையே திரும்ப வேறு பாண்டமாக வனைகிறான். அழிப்பேன் என்று தாம் சொன்ன ஜாதி (அதாவது, ஒரு தேசத்து மக்கள்) தன் தீமையை விட்டுத் திரும்பினால், தாமும் செய்ய நினைத்திருந்த தீங்கைச் செய்யாமல் விடுவதாகத் தேவனே அந்தக் காட்சிக்கு விளக்கம் தருகிறார்.

இனி ஏசாவைப் பற்றி. ரெபெக்காளுக்குச் சொல்லப்பட்டது, அவள் கர்ப்பத்தில் இரண்டு ஜாதிகள் இருக்கின்றன என்பதும், மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்பதும்தான் (ஆதியாகமம் 25:23). ‘ஏசாவை வெறுத்தேன்’ என்ற வாக்கியம் மல்கியாவின் புத்தகத்தில், பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ஏசாவின் சந்ததியாருடைய நாடாகிய ஏதோமைக் குறித்து வருகிறது. ஏசா என்ற தனிமனிதன் நரகத்துக்கென்று பிறப்பிக்கப்பட்டான் என்று இவ்விரண்டு இடங்களிலும் எழுதப்படவில்லை. மாறாக, சேயீர் மலைநாட்டை ஏசாவுக்குச் சுதந்தரமாகத் தாமே கொடுத்ததாகவும், அதில் ஓர் அடி நிலத்தைக்கூட இஸ்ரவேலுக்குத் தரமாட்டேன் என்றும் தேவன் சொல்கிறார் (உபாகமம் 2:5). வாக்குத்தத்தம் எந்தச் சந்ததியின் வழியாக வர வேண்டும் என்பதே அங்கே நடந்த தெரிவு. சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, ஒருவேளைப் போஜனத்துக்கு விற்றது ஏசாவின் சொந்தச் செயல். எபிரெயர் நிருபம் அவனைக் குறை கூறுவது அதற்காகவே.

ஆனால் இந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் பவுலுக்கு நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். தம் இனத்தார் கிறிஸ்துவை ஏற்காததினால் தமக்கு உண்டான மிகுந்த துக்கத்தோடுதான் அந்த அதிகாரத்தை அவர் தொடங்குகிறார். ஆகவே இரட்சிப்பைப் பற்றிய பேச்சு அதில் இல்லை என்று சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் திருச்சபை நெடுங்காலமாகப் பிரிந்து நிற்கிறது. மனிதன் தன் சுயசித்தத்தின் பலத்தால் நன்மையைத் தேர்ந்துகொள்ள முடியும் என்று பெலேஜியஸ் என்ற துறவி போதித்தபோது, ஆயராகிய அகஸ்தீன் அதை மறுத்து, விசுவாசம்கூடக் கிருபையின் ஈவே என்றார். 529-ஆம் ஆண்டு பிரான்சிலுள்ள ஓரஞ்ச் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், முதலடி கிருபையினுடையதே என்று அகஸ்தீனை ஆதரித்தது. அதே மூச்சில், தேவன் சிலரைத் தீமைக்கென்று முன்குறித்தார் என்பவர்களைச் சபிக்கவும் செய்தது. சிலர் நித்திய ஜீவனுக்கும் சிலர் நித்திய ஆக்கினைக்கும் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதிய சீர்திருத்தவாதி கால்வின்கூட, அந்தத் தீர்மானம் நடுங்கவைப்பது என்று ஒப்புக்கொண்டார். கால்வின் வழிப் போதனைக்கு எதிராக, டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் சீடர்கள் 1610-இல் எழுப்பிய மறுப்பை, 1618–19-இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சங்கம் நிராகரித்தது. கத்தோலிக்க சபையில் இயேசு சபையாருக்கும் தொமினிக்கன் துறவியருக்கும் இடையே இதே விவாதம் மூண்டபோது, 1607-இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரையொருவர் கண்டனம் செய்யக்கூடாது என்று மட்டும் கட்டளையிட்டார். அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன்.

நீதியைப் பற்றிக் கால்வின் வழிவந்தோர் தருகிற பதிலை அதன் முழுப் பலத்தோடு கேட்க வேண்டும். எல்லாரும் பாவம் செய்தவர்கள், ஒருவனுக்கும் கிருபை கடனாக வரவேண்டியதில்லை, ஆகையால் சிலர் இரக்கத்தையும் மற்றவர்கள் நீதியையும் பெறுகிறார்களே அன்றி அநியாயத்தை ஒருவரும் பெறுவதில்லை என்பதே அந்தப் பதில். கிருபை கூலி அல்ல என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது மத்தேயு 20-இல் வரும் திராட்சத்தோட்ட உவமை. என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா என்று வீட்டெஜமான் கேட்பது உண்மைதான். ஆனால் அந்த எஜமான் அன்று என்ன செய்தான் என்று பாருங்கள். அதிகாலையில் கடைத்தெருவுக்குப் போனவன் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி வேளைகளிலும் (நம் கணக்கில் காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று) திரும்பத் திரும்பப் போகிறான். வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கும்போதும் போய், இன்னும் நின்றுகொண்டிருந்தவர்களை ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டு அழைத்துக்கொள்கிறான். கடைசியில் வந்தவர்களுக்கும் முழுநாள் கூலியையே கொடுத்துக் கூலியில் தன் இஷ்டத்தைக் காட்டியவன், அழைப்பில் ஒருவனையும் தாண்டிப் போகவில்லை. தேவனுடைய சர்வ அதிகாரத்துக்கு இந்த உவமை சாட்சி என்றால், அந்த அதிகாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கும் இதுவே சாட்சி.

ஆகையால், துன்மார்க்கனுடைய மரணத்தில் தமக்குப் பிரியமில்லை என்று எசேக்கியேல் மூலம் ஆணையிட்டவரும், எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்று சித்தமுள்ளவருமான தேவன், யாரையும் கெட்டுப்போகவென்றே படைத்தார் என்று நான் நம்பவில்லை. எருசலேமைப் பார்த்து இயேசு, ‘எத்தனைதரமோ… மனதாயிருந்தேன், உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று’ என்று புலம்பியதை, உள்ளே வேறொரு தீர்மானத்தை வைத்துக்கொண்டு பேசிய பேச்சாக வாசிக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அதற்காக மனிதன் தன்னைத் தானே இரட்சித்துக்கொள்கிறான் என்று ஆகிவிடாது. அர்மீனியஸும் சரி, அவருக்குப் பின் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியும் சரி, பிதா இழுத்துக்கொள்ளாமல் ஒருவனும் வரமாட்டான் என்பதை மறுத்ததேயில்லை. அந்தக் கிருபை எல்லாருக்கும் நீட்டப்படுகிறது, அதை உதறித்தள்ளவும் மனிதனால் முடியும் என்றே சொன்னார்கள். பவுலும் தம் வாதத்தை 9-ஆம் அதிகாரத்தில் விட்டுவிடவில்லை. தேவன் எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள் அடைத்துப்போட்டது எல்லார்மேலும் இரக்கமாயிருப்பதற்காகவே என்று 11:32-இல் வந்து சேர்கிறார். உதறுவான் என்று அறிந்தும் ஒருவனைத் தேவன் ஏன் படைக்கிறார் என்று தாங்கள் மேலும் கேட்டால், அதற்கு என்னிடம் விடை இல்லை. பவுலும் அடுத்த வசனத்தில், அவருடைய வழிகள் ஆராயப்படாதவைகள் என்று பணிந்து நிற்கிறார்.

கேள்வி: யூதாஸ் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு முன்னறிந்திருந்தார். அப்படியானால் அவனால் வேறு விதமாக நடந்திருக்க முடியுமா?

பதில்: அதே இரவில் பேதுருவின் மறுதலிப்பையும் இயேசு முன்னறிவித்தார் என்பதைச் சேர்த்து வாசியுங்கள். சேவல் கூவுகிறதற்கு முன்னே மூன்று தரம் மறுதலிப்பாய் என்று சொல்லப்பட்ட பேதுரு, அப்படியே செய்தார். ஆனாலும், விதிப்படி நடந்தது, நான் என்ன செய்வேன் என்று சொல்லாமல், வெளியே போய் மனங்கசந்து அழுதார். அந்தக் குற்றம் தம்முடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் அறிந்திருப்பதனால் ஒரு செயல் நடந்துவிடுவதில்லை. அச்செயல் நடப்பதனால் அது அறியப்படுகிறது. தேவன் எல்லாவற்றையும் முன்னறிகிறார், ஆனால் எல்லாவற்றையும் முன்னியமிப்பதில்லை என்று எட்டாம் நூற்றாண்டில் இறையியலாளர் தமஸ்கு யோவான் எழுதியதையே கிழக்குத் திருச்சபைகள் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தோட்டத்தில் முத்தமிட வந்த யூதாஸையும் இயேசு ‘சிநேகிதனே’ என்றுதான் அழைத்தார் என்று மத்தேயு எழுதுகிறார்.

கேள்வி: எல்லாம் தேவ சித்தப்படியே நடக்கும் என்றால், ஜெபமும் ஊழியமும் எதற்கு?

பதில்: அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம் இதற்குப் போதுமானது. புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது என்ற தேவதூதனுடைய வாக்கைப் பவுல் எல்லாருக்கும் அறிவித்திருந்தார். ஆயினும், நங்கூரம் போடுகிற பாவனையில் படகை இறக்கித் தப்பி ஓடக் கப்பலாட்கள் முயன்றபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமுடியாது என்று நூற்றுக்கு அதிபதியை அவர் எச்சரித்தார். உடனே போர்ச்சேவகர் படகின் கயிறுகளை அறுத்துவிட்டார்கள். வாக்கு நிறைவேறியதில் அந்த எச்சரிக்கைக்கும் பங்கு இருந்தது, அந்தக் கயிறுகளை அறுத்த கைகளுக்கும் பங்கு இருந்தது.

கேள்வி: நான் தெரிந்துகொள்ளப்பட்டவன் இல்லையோ என்ற பயம் என்னை வாட்டுகிறது. எப்படி அறிந்துகொள்வது?

பதில்: தேவனுடைய இரகசியத் தீர்மானத்துக்குள் எட்டிப்பார்க்க முயலாதீர்கள். நம்முடைய தெரிந்துகொள்ளுதலைப் பார்க்கும் கண்ணாடி கிறிஸ்துவே என்று கால்வினே எழுதியிருக்கிறார். முன்குறித்தலை மிகக் கண்டிப்பாகப் போதித்த டார்ட் சங்கமும், நிச்சயம் இன்னும் கிடைக்காமல் ஏங்குகிறவர்கள் கைவிடப்பட்டவர்கள் என்ற பேச்சைக் கேட்டுத் திகிலடைய வேண்டியதில்லை என்று முதல் அதிகாரத்தின் 16-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்லி, மங்கியெரிகிற திரியையும் அணைத்துவிடாத தேவனை அவர்களுக்கு நினைப்பூட்டியது. ‘என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை’ என்ற யோவான் 6:37-இன் வாக்கில், தெரிந்துகொள்ளப்பட்டதற்கு முதலில் அத்தாட்சி கொண்டுவா என்ற நிபந்தனை இல்லை. இருக்கிறபடியே அவரிடம் வாருங்கள். பயம் நீங்கக் காலம் எடுத்தால், நம்பிக்கைக்குரிய ஒரு போதகரிடம் மனம்விட்டுப் பேசி, அவரோடு சேர்ந்து ஜெபியுங்கள்.